கொழுப்பு வியாழன்

வூச் என்றால் எங்கள் மொழியில் படகு.
ஆற்றைத் தரைக்கடியில் புதைத்துவிட்ட ஊர்.
நான் ஓட்டுவது டிராம்.
பதினெட்டு வருடம் உட்கார்ந்தபடியே ஊர் சுற்றியதில்
இடுப்பு மட்டும் தடம் புரண்டது.

குறையுங்கள் என்றார் டாக்டர்.
எதை என்று அவரும் சொல்லவில்லை,
நானும் கேட்கவில்லை.
ரொட்டியைக் குறைத்தேன், உருளைக்கிழங்கை,
பிறகு ராத்திரிச் சாப்பாட்டையே.
பழைய நூற்பாலைக்குள் ஜிம் வந்திருக்கிறது;
தறி நின்ற இடத்தில் டிரெட்மில்.
ஒரு மணி நேரம் ஓடுவேன், சில நாள் ஒன்றரை.
"பகலெல்லாம் தண்டவாளம், மாலையெல்லாம் பட்டை,
உனக்குத் திருப்பமே கிடையாதா போகுமிவா?"
என்று லெஷெக் சிரித்தான்.

ஜூன் தொடங்கி ஜனவரிக்குள் பதினோரு கிலோ.
சீருடைக் கால்சட்டையை இரண்டு தடவை பிடித்துத் தைத்தேன்.
டிப்போவே திரும்பிப் பார்த்தது.
கடைக் கண்ணாடி ஒன்றுவிடாமல்
நானும் பார்த்துக்கொண்டேன், பொய் சொல்வானேன்.

பிறகு அந்தக் காலை.
மைனஸ் பதினாறு.
கிலின்ஸ்கி தெருமுனையில்
தடம் மாற்றும் இரும்பு நாக்கு
உறைந்து கிடந்தது.
இருக்கைக்குப் பின்னாலிருக்கும் கம்பியோடு இறங்கினேன்.
எத்தனை குளிர்காலம் ஒரே நெம்பில் திருப்பியிருக்கிறேன்!
நெம்பினேன்.
அசையவில்லை.
மறுபடி நெம்பினேன்.
முழங்கை நடுங்கியது, கண்ணுக்குள்
வெள்ளைப் பூச்சிகள் பறந்தன.
பின்னால் நாற்பது பேர்,
ஜன்னலைத் துடைத்துத் துடைத்துப் பார்க்கிறார்கள்.
முதுகுப்பையோடு ஒரு பள்ளிக்கூடப் பையன் இறங்கி வந்து
"குடுங்க" என்றான்.
கொடுத்தேன்.

போன பதினொன்றில்
கொழுப்பு எவ்வளவு, நான் எவ்வளவு?
தராசு பிரித்துச் சொல்லாது.
பழைய இரும்புக்காரன் மாதிரி
எல்லாவற்றையும் ஒரே தட்டில் கொட்டி
ஒரு எண்ணைச் சொல்லும், அவ்வளவுதான்.

கோர்னெலியா என்னைவிட இருபது வயது சின்னவள்,
ஜிம்மில் எடைப் பக்கத்தைப் பார்த்துக்கொள்பவள்.
"ஓட்டத்தை யார் விடச் சொன்னது?
வாரம் மூன்று நாள், அரை மணி,
பக்கத்தில் ஓடுகிறவரோடு பேச முடிகிற வேகம்.
மூன்று நாள் இரும்பு.
சாப்பிடுங்கள் அம்மணி.
விறகு கொடுக்காவிட்டால் அடுப்பு
உத்தரத்தைப் பிடுங்கி எரித்துவிடும்."

முதல் நாள் வெறும் கம்பி.
அதற்கே தொடை மூன்று நாள் பேசியது.
மாடிப்படியில் பின்பக்கமாக இறங்கினேன்.

விடியுமுன் நான்கு மணிக்குச் சமையலறையில் நின்றபடியே
இரண்டு முட்டை,
ஒரு கிண்ணம் பால்கட்டி, மேலே முள்ளங்கி.
மதிய டப்பாவில் கோழி, பக்வீட்,
புளித்த முட்டைக்கோஸ்.
பியரோகியை விடவில்லை; இருபதை எட்டாக்கினேன்.
எட்டு ஒரு துக்கமான எண்.

மார்ச்சில் தராசு ஒரு கிலோ ஏறியது.
அழுதேன், ஆம், குளியலறையில்,
ஈரக்காலோடு.
அதே வாரம் பெல்ட் ஒரு ஓட்டை உள்ளே போனது.
இரண்டில் எதை நம்புவது?
சீருடை பெல்ட்டை நம்பியது.

அடுத்த குளிர்காலம் வந்தது.
தரையிலிருந்து எழுபது கிலோ தூக்குகிறேன்.
கிலின்ஸ்கி முனைக்குக் காத்திருந்தேன்,
பழைய கடன்காரனுக்குக் காத்திருப்பதுபோல.
அங்கே மின்சூடு பொருத்திவிட்டார்கள்.
பொத்தானை அழுத்தினால் நாக்கு
வெண்ணெய் மாதிரித் திரும்புகிறது.
எனக்கு வந்தது கோபம்.

இன்று கொழுப்பு வியாழன்.
ஊரே டோனட்டுக்கு வரிசையில் நிற்கிறது,
நாளைக்கு மாவே கிடைக்காதது போல.
டிப்போ மேசையில் நான்கு பெட்டி,
உள்ளே ரோஜா ஜாம்.
ஒன்றை எடுத்தேன்.
"எத்தனை நிமிஷ ஓட்டம் அது?" என்றான் லெஷெக்.
வாய் நிறைய இருந்ததால் பதில் சொல்லவில்லை.

வண்டியில் ஏறி,
இருக்கைக்குப் பின்னாலிருந்து கம்பியை
ஒரு கையால் தூக்கிப் பார்த்தேன்.
தேவை எதுவுமில்லை.
திரும்ப வைத்தேன்.
பிடியில் கொஞ்சம் சர்க்கரை ஒட்டியிருந்தது.
ஐந்து பன்னிரண்டுக்கு மணியடித்துக் கிளம்பினேன்.